நான்கு மாதக் குழந்தைக்கு நான்கு அலை

ஈரோட்டில் கைக்குழந்தைகளுக்கு இ.இ.ஜி. (மூளையின் மின்னலைகளைப் பதிவு செய்யும் சோதனை) எடுப்பவளுக்கு முதல் எதிரி விளக்கெண்ணெய். உச்சிக்குழி காய்ந்துவிடக் கூடாதென்று பாட்டிமார் காலையிலேயே ஒரு கை ஊற்றித் தடவிவிடுவார்கள். "அரப்புப் போட்டு நன்றாகத் தேய்த்துத்தான் கூட்டி வந்தோமுங்க" என்பார்கள்; தலையைத் தொட்டால் விரல் வழுக்கும். எண்ணெய் இருக்கும் இடத்தில் பேஸ்ட் ஒட்டாது. பேஸ்ட் ஒட்டாத இடத்தில் எலக்ட்ரோடு, அதாவது அலையை வாங்கும் சிறு உலோக வில்லை, உட்கார்ந்தாலும் உபயோகமில்லை. மண்டைத் தோலுக்கு மேலே வந்து சேரும் மூளையின் மின்னழுத்தத்தை மைக்ரோவோல்ட்டில்தான் அளக்கிறோம். ஒரு வோல்ட்டைப் பத்து லட்சமாகப் பங்கு போட்டால் அதில் சில பத்துப் பங்குகள். அதைப் பிடிக்கப் பார்க்கும்போது நடுவில் எண்ணெய்ப் படலம் இருந்தால், கிடைப்பதெல்லாம் சுவரில் ஓடும் கரண்டின் 50 ஹெர்ட்ஸ் இரைச்சல்தான்.

இரண்டாவது எதிரி பஸ். அந்தியூர், சத்தியமங்கலம் பக்கத்திலிருந்து வருகிறவர்களிடம், "குழந்தை இங்கே வந்துதான் தூங்க வேண்டும், வழியில் தூங்க விடாதீர்கள்" என்று முந்தின நாளே போனில் சொல்லிவிடுவேன். பஸ்ஸின் ஆட்டத்தில் தூங்காத குழந்தையை யார் பார்த்தது? கோபி தாண்டுவதற்குள் ஒரு முழுத் தூக்கம் போட்டு முடித்துவிட்டு, எங்கள் அறைக்குள் நுழையும்போது பளிச்சென்று விழித்துக்கொண்டு சிரிக்கும். தாய் களைத்துப்போய் உட்கார்ந்திருப்பாள். தூக்க மருந்து கொடுத்து எடுக்கலாம். டிரைக்ளோபாஸ் சிரப் எல்லா இடத்திலும் இருக்கிறது. ஆனால் டாக்டர் சொன்னாலொழிய நான் அதைத் தொட மாட்டேன். தானாக வரும் தூக்கத்தின் பதிவே சுத்தமானது. காத்திருக்கலாம்.

மூன்றாவது எதிரி பயம். "ஏனுங்க அம்மிணி, பச்சைக் குழந்தைக்குப் போய்க் கரண்ட் வைக்கலாமுங்களா?" காங்கேயம் பக்கத்திலிருந்து வந்த ஓர் அம்மாயி இதைக் கேட்டபோது பேரனை மடியைவிட்டு இறக்கவே மறுத்துவிட்டார். நாங்கள் எதையும் உள்ளே செலுத்துவதில்லை, குழந்தையின் மூளையில் ஏற்கெனவே ஓடுவதை எழுதிக்கொள்கிறோம், அவ்வளவுதான் என்றேன். சற்று யோசித்துவிட்டு, "அப்படியென்றால் இவனுக்கு எவ்வளவு புத்தி என்றும் அதில் தெரியுமுங்களா?" என்றார். தெரியாது. இ.இ.ஜி.யில் புத்தி தெரியாது, குணம் தெரியாது, ஜாதகம் தெரியாது. நன்றாகத் தெரியும் ஒன்று உண்டு, அதைத்தான் ஜனங்கள் யாரும் கேட்பதில்லை: அந்த மூளைக்கு என்ன வயது என்பது.

இந்த வேலைக்கு வந்த புதிதில் என்னை மிகவும் வியக்க வைத்ததும் அதுதான். பெயரை மறைத்துவிட்டு ஒரு பதிவை நீட்டினால், அனுபவமுள்ள டாக்டர், "இது இரண்டு மாதத்துக்குள்", "இது ஒரு வயதை ஒட்டி" என்று சொல்லிவிடுகிறார். முதல் மூன்று ஆண்டுகளில் அலைகள் மாறும் வேகம் அப்படி. அதற்குப் பிறகு வாழ்நாள் முழுவதும் அந்த அளவு மாற்றம் கிடையாது. இருபது வயதுக்காரரின் பதிவையும் ஐம்பது வயதுக்காரரின் பதிவையும் கலந்து வைத்தால் பிரிப்பது கடினம். இரண்டு மாதத்தையும் ஆறு மாதத்தையும் நானே பிரித்துவிடுவேன்.

மனித மூளையின் அலைகளை முதலில் பதிவு செய்தவர் ஜெர்மனியின் ஜெனா நகரத்து மனநல மருத்துவர் ஹான்ஸ் பெர்கர். 1924-ல் முதல் பதிவு, 1929-ல் முதல் கட்டுரை. (முயல், குரங்கு மூளைகளில் மின்னோட்டம் இருப்பதை இங்கிலாந்தின் ரிச்சர்ட் கேட்டன் 1875-லேயே காட்டிவிட்டார்.) பெர்கர் தன் மகன் கிளாஸின் தலையிலும் கம்பிகளை வைத்துப் பதிவெடுத்தார். கண்ணை மூடி அமைதியாக இருக்கும்போது நொடிக்குச் சுமார் 10 முறை எழுந்து விழும் அலைக்கு ஆல்பா என்று பெயர் வைத்தவரும் அவரே. குழந்தைகளில் இந்த ஆல்பா எப்போது தொடங்குகிறது, எப்படி வேகம் பிடிக்கிறது என்ற கேள்வி அடுத்த பத்தாண்டுகளில் அமெரிக்காவுக்குப் போனது. அங்கே டொனால்ட் லிண்ட்ஸ்லி அதே குழந்தைகளைத் திரும்பத் திரும்பப் பதிவு செய்து பார்த்து, பின்தலை ஆல்பாவின் வளர்ச்சி பற்றி 1939-ல் எழுதினார். எங்கள் மேசைக் கண்ணாடிக்கு அடியில் இருக்கும் வயதுவாரி அட்டவணைக்கு அந்த வகை உழைப்புதான் மூலம்.

இனி பிறந்த குழந்தையிலிருந்து தொடங்குகிறேன். உண்மையில் அதற்கும் முன்னாலிருந்து தொடங்க வேண்டும்.

குறைமாதக் குழந்தைகள் பிரிவுக்கு இயந்திரத்தைத் தள்ளிக்கொண்டு போய் 28 வாரத்தில் பிறந்த சிசுவுக்குப் பதிவு எடுத்தால், திரை பெரும்பாலும் தட்டையாகக் கிடக்கும். திடீரென்று ஒரு கொத்து அலைகள் எழும், அடங்கும். மீண்டும் மௌனம், சில சமயம் அரை நிமிடம் வரைகூட. பெரியவர் ஒருவருக்கு இப்படி வந்தால் ஆழ்ந்த கோமா என்று டாக்டர்கள் ஓடி வருவார்கள். இந்தச் சிசுவுக்கோ இதுதான் இயல்பு. மூளைப் புறணிக்கு, அதாவது மூளையின் மேலடுக்குக்கு, கீழேயிருந்து வரும் இணைப்புகள் இன்னும் முழுதாக வந்து சேரவில்லை. சேர்ந்த அளவுக்குப் பேச்சு, மற்ற நேரம் மௌனம். வாரங்கள் கூடக் கூட மௌனங்கள் சுருங்கும். 32, 34 வாரங்களில் டெல்டா பிரஷ் என்ற உருவம் நிறைய வரும்: பெரிய மெதுவான அலை ஒன்று, அதன் முதுகில் நுணுக்கமான வேகச் சிற்றலைகள். நிறைமாதம் நெருங்கும்போது அது தானாக மறைந்துவிடுகிறது. இருந்தே ஆக வேண்டிய வாரங்களில் இல்லாமற்போனாலும் கவலை, மறைய வேண்டிய காலம் கடந்தும் தங்கினாலும் கவலை.

நிறைமாதத்தில் பிறந்த குழந்தையின் அமைதித் தூக்கத்தில் அலைக்கொத்தும் தணிவும் நாலைந்து நொடிக்கு ஒருமுறை மாறி மாறி வரும். இதற்கு டிரேஸ் ஆல்டர்னான்ட் என்று பிரெஞ்சுப் பெயர். பிறந்து ஒரு மாதம், ஒன்றரை மாதத்துக்குள் இதுவும் போய்விடும். பச்சைக் குழந்தை தூக்கத்தில் சிரிப்பதையும் முகம் சுளிப்பதையும் பார்த்து "சாமி வந்து விளையாடுகிறது" என்று நம் வீடுகளில் சொல்கிறோமே, அது பெரும்பாலும் மற்றொரு வகைத் தூக்கத்தில் நடப்பது. கண்கள் இமைக்குள்ளே உருளும், மூச்சு சீராக இராது. பிறந்த குழந்தையின் தூக்கத்தில் சுமார் பாதி அந்த வகைதான். நாமெல்லாம் தூங்கி வெகு நேரம் கழித்துப் போய்ச் சேரும் கட்டத்தில் அவை தூக்கத்தையே தொடங்குகின்றன.

இங்கேதான் வயதுக் கணக்கில் தகராறு வரும். படிவத்தில் 'வயது' என்ற இடத்தில் தாய் "4 மாதம்" என்று எழுதியிருப்பாள். எத்தனையாவது மாதத்தில் பிறந்தது என்று கேட்டால், "ஏழாம் மாதமே பிறந்துவிட்டான், ஆனால் இப்போது எடை நன்றாக ஏறிவிட்டதுங்க" என்பாள். எடை ஏறியது நல்லதுதான். மூளையோ பெரும்பாலும் கருவுற்ற நாளிலிருந்துதான் கணக்கு வைத்துக்கொள்கிறது. இரண்டு மாதம் முந்திப் பிறந்துவிட்டதால் அலைகள் இரண்டு மாதம் முந்திக்கொள்வதில்லை. எனவே அந்தக் குழந்தையின் பதிவை இரண்டு மாதக் குழந்தையின் பதிவோடுதான் ஒப்பிட வேண்டும். இந்தக் கழித்தலைச் செய்யாமல் அனுப்பினால், ஒன்றுமே இல்லாத குழந்தைக்கு 'வளர்ச்சி பின்தங்கியது' என்ற வரி ரிப்போர்ட்டில் ஏறிவிடும். அந்த வரியைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு குடும்பம் எத்தனை டாக்டர் வீட்டு வாசலில் நிற்கும் என்பதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். அதனால் பிறந்த வாரத்தைப் படிவத்தில் தனியாக எழுதிச் சிவப்பு மையால் கோடு போடுவது என் வழக்கம். சகாக்கள் கேலி செய்வார்கள். செய்யட்டும்.

எனக்குப் பிடித்த வயது மூன்று நான்கு மாதம். மூக்குத்தண்டின் மேல் பள்ளத்திலிருந்து பின்மண்டை மேடு வரை டேப் வைத்து அளந்து, பத்து விழுக்காடு, இருபது விழுக்காடு என்று பங்கிட்டு, பென்சிலால் குறியிட வேண்டும். ஹெர்பர்ட் ஜாஸ்பர் 1958-ல் வகுத்துக் கொடுத்த முறை. கன்னியாகுமரியானாலும் கனடாவானாலும் ஒரே புள்ளிகள். அளக்கும்போது குழந்தை டேப்பைப் பிடித்து வாயில் வைக்கும். விட்டுவிடுவேன், வேறு டேப் இருக்கிறது. எலக்ட்ரோடுகளை ஒட்டி, மேலே மெல்லிய துணி சுற்றி, தாயின் மடியில் பால் குடிக்க விட்டால் சிறிது நேரத்தில் இமை செருகும். சப்பும் அசைவு அப்படியே திரையில் ஏறும். அது நின்றதும் அலைகள் மெல்லப் பெரிதாகி வேகம் குறையும். பிறகு உச்சந்தலைக்கு இருபுறமும் ஸ்பிண்டில்கள் வரும். நொடிக்கு 12 முதல் 15 அலை, நடுவில் பருத்து இரு முனையிலும் ஒடுங்கி, நூல் சுற்றிய கதிர் வடிவம். பிறந்து ஆறு முதல் எட்டு வாரம் வாக்கில் முதன்முதலாகத் தோன்றுபவை இவை. மூளையின் நடுவே இருக்கும் தாலமஸுக்கும் மேலே உள்ள புறணிக்கும் இடையே சுற்று ஒன்று ஓடத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம்.

இந்த வயதில் வலப்பக்க ஸ்பிண்டில் ஒரு நேரம் வரும், இடப்பக்கத்தது வேறு நேரம் வரும். இரண்டும் ஒன்றையொன்று கண்டுகொள்வதில்லை. இரு பாதிகளையும் இணைக்கும் பாதைகள் முதிர முதிர, ஒரு வயதில் பெரும்பாலும் சேர்ந்து வரும். இரண்டு வயதில் இருபுறமும் ஒரே நேரத்தில் வர வேண்டும். அப்போதும் தனித்தனியாக வந்தால் டாக்டர் குறித்துக்கொள்வார். ஒரே படம் நான்கு மாதத்தில் சாதாரணம், மூன்று வயதில் கேள்விக்குறி.

இப்படி நுணுக்கமாகப் பார்த்துக்கொண்டிருக்கும்போது திடீரென்று பின்தலையில் நொடிக்கு இரண்டு என்று சீரான பெரிய அலை ஓடும். புதிதாக வந்த பயிற்சிப் பெண்கள் பதறிப்போய் என்னைக் கூப்பிடுவார்கள். திரும்பிப் பார்த்தால் அம்மாயி, பேரன் தூங்கட்டுமென்று முதுகில் தட்டிக்கொண்டிருப்பார். தட்டு நின்றால் அலை நிற்கும். எங்கள் தொழிலில் கண்ணைத் திரையில் பாதி, மடியில் பாதி வைக்க வேண்டும். பதிவின் ஓரத்தில் 'பாட்டி தட்டுகிறார்' என்று நேரத்தோடு குறிக்காவிட்டால், மறுநாள் வேறு ஊரில் உட்கார்ந்து படிக்கும் டாக்டர் அதை நோயாக எழுதிவிட வாய்ப்புண்டு. விக்கல், தேம்பல், தொட்டில் ஆட்டம் எல்லாவற்றுக்கும் இதே கதைதான்.

விழித்திருக்கும்போது தெரிவது வேறு. பெர்கர் கண்ட ஆல்பாவின் மூதாதை மூன்று, நான்கு மாதத்தில் பின்தலையில் தலைகாட்டுகிறது, நொடிக்கு 3 அல்லது 4 அலையாக. பெரியவர்களிடம் "கண்ணை மூடுங்கள், திறங்கள்" என்று சொல்லிப் பார்ப்போம். நான்கு மாதக் குழந்தையிடம் சொல்ல முடியுமா? தாயின் உள்ளங்கையை மெதுவாகக் கண்களுக்கு மேலே பிடிக்கச் சொல்வேன். கை மறைத்ததும் அலை எழும், எடுத்ததும் கலையும். பார்வை என்ற வேலையும் அந்த அலையும் ஒன்றோடொன்று பிணைந்திருப்பது அந்த நொடியில் எவருக்கும் புரிந்துவிடும். ஐந்தாறு மாதத்தில் அது 5 ஆகும். முதல் பிறந்தநாளில் 6 அல்லது 7. மூன்று வயதில் 8. பிறகு அவசரப்படாமல் 9-ஐத் தொட்டு, பத்து வயதை ஒட்டியோ அதற்குப் பின்போ 10-க்கு வந்து நிற்கும்.

ஏன் இந்த வேக ஏற்றம்? நரம்பிழைகளுக்கு மேல் மையலின் என்ற கொழுப்புறை படிகிறது, செய்தி போகும் வேகம் கூடுகிறது. அதோடு நரம்பணுக்களுக்கு இடையிலான சந்திப்புகள் பெருகுகின்றன. பீட்டர் ஹட்டன்லாக்கர் இறந்தவர்களின் மூளைத் திசுக்களை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் வைத்து இந்தச் சந்திப்புகளை ஒவ்வொன்றாக எண்ணினார். எவ்வளவு பொறுமை வேண்டும், யோசித்துப் பாருங்கள். பார்வைப் பகுதியில் அவற்றின் அடர்த்தி முதல் வயது முடியும் முன்பே உச்சத்தைத் தொட்டு, பிறகு குறையத் தொடங்குகிறது. யோசிக்கும் முன்மூளையில் உச்சம் மூன்று வயதையும் தாண்டித்தான் வருகிறது. ஹாரி சுகானி 1987-ல் வெளியிட்ட ஆய்வில் இன்னொரு பக்கம் தெரிந்தது. குழந்தையின் மூளை சர்க்கரை எரிக்கும் அளவு இரண்டு வயதில் பெரியவர் அளவை எட்டி, மூன்று நான்கு வயதில் ஏறக்குறைய இருமடங்காகி, ஒன்பது பத்து வயது வரை அங்கேயே நிற்கிறது. சாப்பிட்டுவிட்டு ஓயாமல் கேள்வி கேட்கும் நான்கு வயதுப் பையனைப் பார்த்துச் சலித்துக்கொள்ளும்போது எனக்கு இந்தக் கணக்கு நினைவுக்கு வரும்.

இதில் எனக்கு மனத்தாங்கலான ஒரு விஷயம் உண்டு. ஒன்று முதல் ஐந்து வயதுக் குழந்தை தூங்கப் போகும் அந்தச் சில நிமிடங்களில், தலை முழுவதும் நொடிக்கு 3 முதல் 5 என்று மிகப் பெரிய அலைகள் கும்பலாகக் கிளம்பும். ஹிப்னகாஜிக் ஹைபர்சிங்க்ரனி என்று வாயில் நுழையாத பெயர். பார்க்கப் பயங்கரமாக இருக்கும். குழந்தைகளின் மண்டை ஓடு மெல்லிது, அலைகளும் உயரம். இடையிடையே சிற்றலைகள் கலந்தால், வலிப்பு நோயில் வரும் கூரிய அலைகளான 'முட்கள்' போலவே தோன்றும். உண்மையில் அது தூக்கம் வருவதன் அடையாளம், வேறொன்றுமில்லை. இதை வலிப்பென்று படித்து மருந்து எழுதிக் கொடுத்த ரிப்போர்ட்டுகளோடு குழந்தைகள் எங்களிடம் வருவதுண்டு. தாராபுரம் பக்கத்துச் சிறுமி ஒருத்தி, இரவில் அழுது எழுந்ததற்காக எங்கோ எடுத்த பதிவை வைத்து இரண்டு வருடம் வலிப்பு சிரப் குடித்திருந்தாள். பழைய பதிவைத் திரையில் போட்டுப் பார்த்த எங்கள் டாக்டர் எதுவும் பேசாமல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஒரு வலிப்பும் வராத ஆரோக்கியமான குழந்தைகளிலும் நூற்றில் சிலருக்கு உண்மையான முட்களே தெரியும் என்பதையும் இதோடு சேர்த்துக்கொள்ளுங்கள். வைத்தியம் குழந்தைக்கு, காகிதத்துக்கு அல்ல என்று பழைய டாக்டர்கள் சொல்வது இதனால்தான்.

காய்ச்சலில் வரும் ஃபிட்ஸ் விஷயமும் இந்த ரகம். ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரை நூற்றில் இரண்டு முதல் ஐந்து குழந்தைகளுக்கு எப்போதாவது வரும். பார்க்கும் தாய்க்கு உயிர் போய்விடும், வாஸ்தவம். ஆனால் உடம்பு முழுக்க வந்து, 15 நிமிடத்துக்குள் நின்று, அந்த 24 மணி நேரத்தில் திரும்ப வராத, மற்றபடி நன்றாக இருக்கும் குழந்தைக்கு இ.இ.ஜி. தேவையில்லை என்று அமெரிக்கக் குழந்தைநல மருத்துவர் கழகம் 1996-லும் 2011-லும் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. அந்தப் பதிவு அடுத்து வலிப்பு வருமா வராதா என்பதைச் சொல்லாது. என் பிழைப்பே இ.இ.ஜி. எடுப்பதுதான், இருந்தும் சொல்கிறேன், காய்ச்சல் ஃபிட்ஸுக்கு என்னிடம் ஓடி வராதீர்கள். முதலில் டாக்டரிடம் போங்கள்.

ஓடி வர வேண்டியது வேறொன்றுக்கு. 1841-ல் இங்கிலாந்தில் டன்பிரிட்ஜ் ஊர் மருத்துவர் வில்லியம் ஜேம்ஸ் வெஸ்ட், லான்செட் மருத்துவ இதழுக்கு ஒரு கடிதம் எழுதினார். நான்கு மாதம் வரை நன்றாக வளர்ந்த தன் சொந்த மகன், பிறகு தலையை முன்னால் குனிந்து குனிந்து எழத் தொடங்கினான். ஒன்று முடிந்ததும் அடுத்தது, வரிசையாக. அட்டை கடிக்க விட்டும் பேதிக்குக் கொடுத்தும் பார்த்தார், நிற்கவில்லை. வேறு யாருக்காவது வழி தெரியுமா என்று கேட்டது அந்தக் கடிதம். கை இரண்டும் முன்னால் வந்து சலாம் வைப்பது மாதிரி இருப்பதால் சலாம் வலிப்பு என்ற பெயரும் உண்டு. நூறாண்டுக்கு மேல் கழித்து, 1952-ல் கிப்ஸ் தம்பதி இந்தக் குழந்தைகளின் இ.இ.ஜி.க்கு ஹிப்ஸாரித்மியா என்று பெயரிட்டனர். ஒழுங்கே இல்லாத மிக உயர்ந்த அலைகள், எல்லா இடத்திலும் முட்கள். மேலே சொன்ன ஸ்பிண்டில், பின்தலை அலை என்ற வயதுக்குரிய எதையும் அதில் தேடினாலும் கிடைக்காது. வளர்ச்சி என்ற வேலையே கலைந்து கிடக்கும்.

பெரும்பாலும் மூன்று முதல் ஏழு மாதத்தில் ஆரம்பிக்கிறது. நம் ஊரில் இது எப்படிக் கைநழுவுகிறது தெரியுமா? தூங்கி எழுந்ததும் குழந்தை வெடுக்கென்று குனியும், கைகள் விரியும், ஒரு நொடியில் சரியாகும். சில நொடி கழித்து மறுபடி. "உரம் விழுந்திருக்கிறது" என்று ஒரு வீட்டில் சொல்வார்கள். உரம் எடுப்பவரிடம் போய்ச் சேலையில் போட்டு உருட்டிவிட்டு வருவார்கள். "மாந்தம்" என்று இன்னொரு வீட்டில் வசம்பு சுட்டு உரைப்பார்கள். "வயிற்று வலியில் முறுக்குகிறது" என்று மருந்துக் கடையில் சொட்டு மருந்து வாங்குவார்கள். இதற்குள் ஒன்றிரண்டு மாதம் போய்விடும். குழந்தை சிரிப்பதை விட்டிருக்கும், முகம் பார்ப்பதைக் குறைத்திருக்கும். பாட்டிமாரை நான் குறை சொல்ல மாட்டேன். அந்த அசைவு அவ்வளவு அற்பமாகத்தான் தெரிகிறது. ஆனால் இது ஒரு நாளும் தள்ளிப்போடக் கூடாத வலிப்பு. ஏ.சி.டி.எச். ஊசி, பிரெட்னிசலோன், விகாபாட்ரின் என்று மருந்துகள் இருக்கின்றன. சீக்கிரம் தொடங்கினால் பலன் அதிகம். சந்தேகம் வந்தால் செல்போனில் படம் பிடியுங்கள். முகம் மட்டும் போதாது, உடம்பு முழுதும் தெரிய வேண்டும், ஒரு முறை மட்டும் போதாது, வரிசை முழுதும் வேண்டும். அந்த ஒரு நிமிடப் படத்தைப் பார்த்துவிட்டு அன்றைக்கே பதிவு எடுக்கச் சொன்ன டாக்டர்கள் உண்டு.

இந்த வரிசையில் அடுத்து வருவது கொஞ்சம் எரிச்சலோடு எழுதுவது. கோயம்புத்தூர், திருப்பூர் பக்கம் சில ஆண்டுகளாக 'ஆல்பா அலை வகுப்பு', 'மிட்பிரெயின் ஆக்டிவேஷன்' என்று குழந்தைகளுக்குப் பயிற்சி விற்கிறார்கள். ஆல்பாவைத் தூண்டினால் கண்ணைக் கட்டிக்கொண்டு படிக்கலாமாம். மூக்கோரத்து இடைவெளி வழியாகப் பார்த்துப் படிப்பதற்கு ஆல்பா எதற்கு? எல்.கே.ஜி.யில் சேர்க்கும் முன் மகனின் ஆல்பாவை அளந்து சான்றிதழ் தரச் சொல்லி ஒரு பனியன் கம்பெனி முதலாளி வந்தார். பெரிய மனிதர், மரியாதையாகப் பேசினார். "உங்கள் மகனுக்கு மூன்று வயதுங்க. பின்தலை அலை 8-ல் இருந்தால் வயதுக்குச் சரி. 10-க்கு வர இன்னும் பல வருடம் ஆகும். அதை யாரும் காசு கொடுத்து முன்னால் இழுக்க முடியாதுங்க" என்றேன். "பக்கத்து வீட்டுப் பையனுக்கு எவ்வளவு இருக்கும்?" என்றார். கொங்கு நாட்டில் பிறந்தவரிடம் இந்தக் கேள்வியை எதிர்பார்த்திருக்க வேண்டும்.

சூழல் அலைகளை மாற்றுமா என்றால், மாற்றும் என்பதற்கு ஆதாரம் இருக்கிறது. ருமேனியாவில் அரசு விடுதிகளில் கைவிடப்பட்டு வளர்ந்த 136 குழந்தைகளை எடுத்துக்கொண்டு, சார்ல்ஸ் நெல்சன், நேதன் ஃபாக்ஸ், சார்ல்ஸ் ஜீனா ஆகியோர் புக்கரெஸ்ட் நகரில் 2000-ஆம் ஆண்டுவாக்கில் ஓர் ஆய்வைத் தொடங்கினார்கள். சீட்டுக் குலுக்கிப் பாதிப் பேரை வளர்ப்புக் குடும்பங்களில் சேர்த்தார்கள். விடுதிக் குழந்தைகளின் இ.இ.ஜி.யில் வேக அலைகள் குறைவு, மெதுவான அலைகள் அதிகம். வயதுக்கு இளைய மூளையின் சாயல். எட்டு வயதில் பார்த்தபோது, இரண்டு வயதுக்கு முன் குடும்பத்துக்குப் போனவர்களின் ஆல்பா, சொந்த வீட்டில் வளர்ந்தவர்களின் அளவுக்கு வந்திருந்தது. தாமதமாகப் போனவர்களுக்கு அப்படி நடக்கவில்லை.

இதைப் படித்துவிட்டு உடனே பெரிய முடிவுகளுக்குத் தாவிவிடக் கூடாது என்பதற்கு இன்னோர் ஆய்வைச் சொல்கிறேன். அமெரிக்காவில் ஏழைத் தாய்மார் 1,000 பேருக்குக் குழந்தை பிறந்தது முதல் மாதாமாதம் பணம் கொடுத்தார்கள். சிலருக்கு 333 டாலர், மற்றவர்களுக்கு 20 டாலர். ஒரு வயதில் 435 குழந்தைகளுக்கு இ.இ.ஜி. எடுத்ததில், அதிகப் பணம் பெற்ற வீட்டுக் குழந்தைகளுக்கு வேக அலைகள் சற்று அதிகம் என்று 2022-ல் செய்தி வந்து உலகம் முழுக்கப் பேசப்பட்டது. நான்கு வயதில் திரும்பப் பார்த்தபோது இரு தரப்புக்கும் சொல்லத்தக்க வித்தியாசம் இல்லை. இந்தச் செய்தியை அவ்வளவு பேர் பேசவில்லை. தாய் கையில் பணம் இருப்பது நல்லது என்பதை நிரூபிக்க இ.இ.ஜி. வேண்டுமா என்பது என் கட்சி. அதற்கு ரேஷன் கடை வரிசையே சாட்சி. இவையெல்லாம் கூட்டத்தின் சராசரிகள். உங்கள் குழந்தையின் ஒரு தாளை வைத்து அதன் எதிர்காலத்தைப் படிக்க இவை உதவா.

ஆகவே வருகிறவர்களிடம் நான் ஒன்றைத்தான் வலியுறுத்திக் கேட்பேன்: பழைய பதிவைக் கொண்டு வாருங்கள். ரிப்போர்ட் காகிதத்தை லேமினேட் செய்து பீரோவில் வைத்திருப்பார்கள், பதிவு இருக்கும் சி.டி.யைக் குழந்தை விளையாடக் கொடுத்திருப்பார்கள். சித்தோட்டிலிருந்து வரும் ஒரு தாய் மட்டும் மகனின் எல்லாப் பதிவுகளையும் தேதிவாரியாக ஒரு மஞ்சள் பையில் போட்டு வைத்திருக்கிறார். அவனுக்கு ஐந்து மாதத்தில் சலாம் வலிப்பு. மருந்துக்குக் கட்டுப்பட்டது. சென்ற மாதம் மூன்று வயதுப் பதிவு எடுக்க வந்தார்கள். காற்றாடியை ஊதச் சொன்னேன், மூச்சு வாங்க ஊதினான், அந்த வயதில் ஊதினால் அலைகள் மெதுவாகிப் பெரிதாகும், ஆயின, நிறுத்தியதும் அடங்கின. பின்தலையில் எண்ணினேன், ஏழு, சில இடங்களில் ஏழரை. டாக்டர் ஐந்து மாதத்துத் திரையையும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, வயதுக்குச் சற்றுக் குறைவுதான், ஆனால் ஒழுங்கு வந்துவிட்டது, பேச்சுப் பயிற்சியை விடாமல் தொடருங்கள், ஒரு வருடம் கழித்து மறுபடி எடுக்கலாம் என்றார். அந்த அம்மாள் புதிய சி.டி.யின் மேல் தேதியை எழுதித் தரச் சொல்லி என்னிடம் பேனாவை நீட்டினார். பையனின் வயதையும் மாதக் கணக்கில் சேர்த்து எழுதிக் கொடுத்தேன்.